பழைய பான்டூன் படகுகள் இரண்டு: குடும்பத்துக்கு எதை வாங்குவது?

பான்டூன் படகை மிதக்கும் திண்ணை என்று சொல்லலாம். அடியில் இரண்டு அலுமினிய மிதவைக் குழாய்கள், அவற்றின் குறுக்கே சட்டங்கள், மேலே தட்டையான தளம், சுற்றிலும் கம்பி வேலி, பின்னால் வெளிப்புறத்தில் மாட்டிய ஓர் அவுட்போர்டு என்ஜின். குழந்தைகளும் வயதானவர்களும் தடுமாறாமல் ஏறி இறங்கலாம் என்பதால்தான் குடும்பங்கள் இதைத் தேடி வருகின்றன.

விற்பனைக்கு நிற்கும் படகில் முதலில் கண்ணில் படுவது இருக்கை. எளிதில் மாற்றக்கூடியதும் அதுதான். குழாயில் அரிப்பு விழுந்தாலோ, என்ஜின் மாட்டும் இடத்தில் வெல்டிங் விரிந்தாலோ படகின் ஆயுளே கேள்விக்குறி. ஆகவே மாற்ற முடியாததிலிருந்து தொடங்கி, எளிதில் மாற்றக்கூடியதில் முடிக்க வேண்டும்: குழாயும் சட்டமும், என்ஜின் தாங்கி, என்ஜின், தளம், பிறகுதான் இருக்கையும் கூரைத்துணியும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையை ஒட்டியே போகின்றன.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, இரண்டு படகுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது 20 அடி நீளம், 23 அங்குல விட்டமுள்ள குழாய்கள், 60 குதிரைத்திறன் என்ஜின், ஆறு வயது, இருக்கையெல்லாம் பளிச். இரண்டாவது 22 அடி, 25 அங்குலக் குழாய்கள், 90 குதிரைத்திறன், பதினான்கு வயது, இருக்கைத் தையல் பிரிந்திருக்கிறது, தளத்தின் ஒரு மூலை மிதித்தால் மெத்தென்று அமுங்குகிறது. விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று.

படி 1: எத்தனை பேர், எந்தத் தண்ணீர்

வழக்கமாக எத்தனை பேர் ஏறுவீர்கள் என்று எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை வரும் விருந்தாளிகளைச் சேர்க்க வேண்டாம். அமைதியான சிறு ஏரியா, காற்றடித்தால் அலை எழும் பெரிய நீர்த்தேக்கமா, உப்புக் கழியா என்பதையும் குறியுங்கள். காற்று மெத்தையில் பிள்ளைகளை உட்காரவைத்து இழுக்கும் எண்ணம் உண்டா? நான்கைந்து பேர் மெதுவாக ஏரியைச் சுற்றிவர 40, 50 குதிரைத்திறன் போதும். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு இழுவையும் வேண்டுமென்றால் 90க்குக் கீழே இறங்க வேண்டாம். சறுக்குப் பலகை இழுப்பதே முக்கியம் என்றால் இரண்டு குழாய்ப் படகைவிட மூன்று குழாய்ப் படகு பொருத்தம்.

இப்போது மிதப்புக் கணக்கு. விற்பவர் யாரும் இதைச் சொல்ல மாட்டார், ஆனால் இரண்டு நிமிட வேலை. 23 அங்குலக் குழாய் முழுவதும் மூழ்கினால் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 268 கிலோவைத் தாங்கும். 25 அங்குலக் குழாய் 317 கிலோவைத் தாங்கும். விட்டத்தில் இரண்டே அங்குலம் கூடியதற்குத் தாங்குதிறன் 18 சதவீதம் கூடிவிட்டது. மூக்குப் பகுதியின் குவிவைக் கழித்து, முதல் படகின் குழாய் ஒவ்வொன்றையும் 5.7 மீட்டர் என்று வைத்தால் மொத்தம் ஏறத்தாழ 3,055 கிலோ. இரண்டாவதில் 6.3 மீட்டருக்கு 3,990 கிலோ.

அடுத்தது எடை. முதல் படகின் உடல் 800 கிலோ, என்ஜின் 115, பெட்ரோல் 50, பேட்டரியும் நங்கூரமும் கயிறுமாக 70, சாப்பாடும் தண்ணீரும் 60, எட்டுப் பேருக்கு 560. கூட்டினால் 1,655. குழாயின் கொள்ளளவில் 54 சதவீதம் தண்ணீருக்குள் போகும். இரண்டாவதன் உடல் 950, என்ஜின் 165, பெட்ரோல் 67, மற்றவை அதே அளவு. மொத்தம் 1,872, அதாவது 47 சதவீதம். பத்துப் பேர் ஏறினால் முதலாவது 59க்குப் போகும், இரண்டாவது 50இல் நிற்கும். இவை மாதிரி எடைகள். உங்கள் படகுகளின் உண்மையான எடையைத் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பிலிருந்து எடுத்துப் போடுங்கள். நின்ற நிலையில் குழாய் பாதியளவு மூழ்கியிருப்பது நல்ல நிலை. மூன்றில் இரண்டு பங்கை நெருங்கினால் அலையில் மூக்கு குத்தி, முன்தளத்தில் தண்ணீர் ஏறும்.

படகில் ஒட்டியிருக்கும் திறன் தகடு சொல்லும் ஆள் எண்ணிக்கை, மொத்த எடை, உச்சக் குதிரைத்திறன் ஆகியவை மீறக்கூடாத எல்லைகள். தகட்டில் உள்ளதைவிடப் பெரிய என்ஜின் மாட்டியிருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள்.

படி 2: எண்கள் ஒத்துப்போகின்றனவா

அமெரிக்கத் தயாரிப்புகளில் எழுத்தும் இலக்கமுமாக 12 குறிகள் கொண்ட அடையாள எண் இருக்கும். பான்டூனில் அதைப் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில், வலது குழாய் சேரும் இடத்தருகே தேடுங்கள். முதல் மூன்று எழுத்து தயாரிப்பாளர், அடுத்த ஐந்து வரிசை எண். அதன்பின் வரும் ஓர் எழுத்து தயாரித்த மாதம் (ஜனவரிக்கு A என்று தொடங்கி), அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண். கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. இதையும் என்ஜினின் வரிசை எண்ணையும் டிரெய்லரின் எண்ணையும் ஆவணங்களோடு ஒப்பிடுங்கள். என்ஜின் படகைவிட வயதில் மூத்ததாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். படகின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பதும் இந்தக் கட்டத்திலேயே தெரிய வேண்டும்.

படி 3: குழாய்கள்

படகு தண்ணீருக்கு வெளியே, டிரெய்லரில் இருக்கும்போது போங்கள். தண்ணீரில் நிற்கும் படகை மட்டும் பார்த்து வாங்குவது, கால் தெரியாமல் மாடு பிடிப்பதுபோல். தரையில் படுத்து, டார்ச் வெளிச்சத்தைக் குழாயின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் நெளிசல் மறைந்துவிடும்.

மூக்கில் இருக்கும் சிறு நசுங்கல் பொருட்டில்லை. கூர்மையான மடிப்போடு இருந்தாலோ, வெல்டிங் கோட்டைத் தொட்டாலோ கவனிக்க வேண்டும், ஏனென்றால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஒட்டுப் போட்ட இடங்களை எண்ணுங்கள். நல்ல வெல்டிங்கில் போட்ட ஒன்று ஏற்கத்தக்கது. எப்பாக்சிப் பசை அப்பியிருந்தால் கசிவு இருந்தது என்றும், அது சரியாக அடைபடவில்லை என்றும் கொள்ளுங்கள்.

அரிப்பு வேறு வகை. வெண்பொடி பூத்து, அதைச் சுரண்டினால் ஊசி குத்தியதுபோல் குழிகள் தெரிந்தால் அது உலோகத்தையே தின்னும் அரிப்பு. குழாய்ச் சுவரின் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 3.2 மில்லிமீட்டர்தான். அதில் ஒரு மில்லிமீட்டர் குழி விழுந்தால் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். மூன்று இடங்களில் காரணத்தைத் தேடுங்கள். முதலாவது, டிரெய்லரின் தாங்குகட்டைகள்: செம்பு கலந்த மருந்தூட்டிய மரம் ஈரத்தோடு அலுமினியத்தைத் தொட்டால் அரிக்கும். கட்டை படும் கோட்டை விட்டுவிடாமல் பாருங்கள். இரண்டாவது, அடியில் பூசிய வண்ணம்: பாசி பிடிக்காமலிருக்கப் பூசும் செம்பு கலந்த பூச்சு அலுமினியத்துக்கு ஆகாது. மூன்றாவது, தியாக உலோகத் துண்டுகள், அதாவது குழாய்க்குப் பதிலாகத் தாமே அரிபடப் பொருத்தியவை, தேய்ந்து போனதோ, தவறான வகையோ. உப்புநீருக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மெக்னீசியம், கலப்பு நீருக்கு அலுமினியம் என்பது பொதுவான வழக்கு. அவற்றின் மேல் பெயின்ட் அடித்திருந்தால் அவை வேலையே செய்யவில்லை.

உள்ளே தண்ணீர் இருக்கிறதா? முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, பின்மூடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து பாருங்கள். ஒரு கோப்பை அளவு ஈரம் உள்ளே குளிர்ந்து படிந்தது, கவலையில்லை. வாளிக்கணக்கில் கொட்டினால் ஓட்டை இருக்கிறது. குழாய் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். திருகு கடைசி அறைக்கு மட்டுமே இருக்கலாம் என்பதால், மற்ற அறைகளை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். காலியான அறை மணிபோல் ஒலிக்கும், தண்ணீர் உள்ளது மந்தமாகப் பேசும்.

ஊசித்துளையாக இருந்தாலும் தண்ணீர் ஏன் அவ்வளவு புகுகிறது என்றால், வெயிலில் சூடேறிய குழாய் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்குகிறது. அந்த உறிஞ்சல் நீரை இழுத்துக்கொள்கிறது. அப்படிப் புகுந்த 100 லிட்டர், படகின் பின்பக்கத்தில் எப்போதும் 100 கிலோ சுமையாக உட்கார்ந்திருக்கும்.

சந்தேகம் தீராவிட்டால் பட்டறையில் காற்றழுத்தச் சோதனை கேளுங்கள். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு, சோப்பு நீர் தடவி குமிழியைத் தேடுவார்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை நேராக மாட்டி நீங்களே செய்யாதீர்கள். 25 அங்குலக் குழாயின் மூடித்தட்டில் வெறும் 2 பவுண்டே சுமார் 445 கிலோ விசையாகிறது. கொஞ்சம் கூடினால் மூடி பிய்ந்துகொள்ளும், எதிரில் நிற்பவருக்கு உயிராபத்து.

படி 4: சட்டமும் என்ஜின் தாங்கியும்

குறுக்குச் சட்டங்களுக்கிடையே உள்ள இடைவெளியை அளவெடுங்கள். 16 அங்குலம் என்றால் உறுதி கூடுதல், 24 என்றால் அதில் தளம் சீக்கிரம் தளரும். சட்டம் குழாயோடு சேரும் தாங்கிகளில், வெல்டிங்கின் ஓரத்தில் முடிபோல் கறுத்த கோடு தெரிகிறதா, போல்ட் துளை நீள்வட்டமாகியிருக்கிறதா என்று பாருங்கள். முன்னாலிருந்து வேலிக் கம்பியின் மேல்விளிம்பை ஒரு கண்ணால் நோக்குங்கள். அலையலையாகத் தெரிந்தால் சட்டம் வளைந்திருக்கிறது.

என்ஜின் தாங்கியைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் என்ஜினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழுமாக அசைக்க, மற்றவர் தாங்கியின் மூலைகளைப் பார்க்க வேண்டும். தாங்கி முழுதாக ஒரே பொருளாய் அசைந்தால் சரி. மூலையில் கோடு திறந்து மூடினால் அந்தப் படகை விட்டுவிடுவதே நல்லது. திறமையான வெல்டர் சரிசெய்யலாம்தான், ஆனால் குடும்பத்தை ஏற்றப்போகும் படகில் அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

படி 5: என்ஜின், குளிர்ந்திருக்கும்போதே

நீங்கள் வரும் முன் என்ஜினை ஓட்ட வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சூடான என்ஜின் எல்லாக் குறையையும் மறைத்துக்கொள்ளும். கை வைத்துப் பார்த்துச் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

கியர் பகுதியின் அடித்திருகைச் சற்றே தளர்த்துங்கள். முதலில் வருவது எண்ணெயாக இருக்க வேண்டும். தண்ணீர் வந்தாலோ எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் இருந்தாலோ நீர் புகாமல் தடுக்கும் சீல் போய்விட்டது. பெரும்பாலும் தூண்டில் நரம்பு புரொப்பெல்லர் தண்டில் சுற்றி சீலை அறுப்பதால் வருவது இது. சீல் மட்டும் என்றால் சிறு வேலை. அதே நிலையில் பல மாதம் ஓட்டியிருந்தால் கியரும் பேரிங்கும் சேர்ந்து போயிருக்கும். திருகின் காந்த நுனியில் பொடி ஒட்டியிருப்பது இயல்பு, செதில் செதிலாக உலோகம் இருப்பது இயல்பில்லை.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் எழுப்புகிறது என்று அளப்பது. என்ஜினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பொறியைத் துண்டித்து, திராட்டிலை முழுதாகத் திறந்து ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். எண் பெரிதா சிறிதா என்பதைவிட ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதே கேள்வி. 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஓடிய மணிக்கணக்கை டீலரின் கணினியில் இணைத்துப் பார்க்கலாம். குறைந்த மணி என்றதும் மகிழ வேண்டாம். பத்தாண்டில் 60 மணி ஓடிய என்ஜினில் ரப்பர் இறுகியிருக்கும், பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும், குளிர்நீர் பம்பில் தண்ணீரைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லர் விறைத்திருக்கும். ஒழுங்காக எண்ணெய் மாற்றிய ரசீதுகளோடு 500 மணி ஓடிய நான்கு ஸ்ட்ரோக் என்ஜினை நாங்கள் அதைவிட நம்புவோம். இம்பெல்லரை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். மூன்று ஆண்டுக்கு மேலாகியிருந்தால் அதையும் செலவில் சேர்த்துவிடுங்கள்.

என்ஜினை முழுதாகத் தூக்கி அரை மணி அப்படியே விடுங்கள். தானாக இறங்கினால் தூக்கும் ஹைட்ராலிக்கில் கசிவு. சுக்கானை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள், கேபிள் இறுகியிருந்தால் கை சொல்லிவிடும்.

படி 6: தளம்

செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் மிதித்துக்கொண்டே நடங்கள். வாசல்கள், பின்மூலைகள், இருக்கைகளின் அடி, வேலிக் கால்கள் நிற்கும் இடங்கள்: அழுகல் இவற்றில்தான் தொடங்கும். தரைவிரிப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதும், திருகுத் துளை வழியாக நீர் இறங்குவதும் காரணம். மேலே ஒரு கை அகலத்துக்கு மெத்தென்று இருந்தால் கீழே அதைவிடப் பெரிதாக இருக்கும். படகின் அடியில் போய் பிளைவுட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கறுத்த திட்டில் ஸ்க்ரூடிரைவர் நுனியை அழுத்தினால், நல்ல மரம் எதிர்க்கும், அழுகியது வழிவிடும். அடியில் அலுமினியத் தகடு மூடியிருந்தால் இந்த வசதி கிடைக்காது, மேலிருந்து கூடுதலாகச் சோதியுங்கள்.

ஓர் ஓரத்தில் ஒரே பலகை என்றால் அதை மட்டும் மாற்றலாம். நடுவிலும் ஓரத்திலுமாகப் பல இடம் என்றால் முழுத் தளமும் மாற வேண்டும். 22 அடிப் படகுக்கு 19 மில்லிமீட்டர் தடிமனில், 4 அடி அகலமுள்ள கடல்தர பிளைவுட் ஆறு ஷீட் அளவு ஆகும். பலகையைவிட வேலைதான் பெரிது: இருக்கை, ஓட்டுநர் மேசை, வேலி, கூரை, வயர் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். அலுமினியத் தளமுள்ள படகில் இந்தத் தலைவலியே கிடையாது. இரண்டில் ஒன்று அப்படி இருந்தால் அதற்குக் கணிசமான மதிப்புக் கொடுங்கள்.

படி 7: மின்சாரம், இருக்கை, டிரெய்லர்

மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். என்ஜின் ஓடாதபோது பேட்டரி 12.4 முதல் 12.7 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். ஓட்டுநர் மேசைக்குள் எட்டிப் பாருங்கள். வீட்டு வயரும் சுற்றிய டேப்பும் தெரிந்தால் யாரோ அவசரத்துக்குச் செய்த வேலை. இடப்பக்கச் சிவப்பு, வலப்பக்கப் பச்சை, எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு, ஹாரன், கூடவே ஓட்டுநர் விழுந்தால் என்ஜினை அணைக்க அவரோடு இணைக்கும் நிறுத்துக் கயிறு, எல்லாம் வேலை செய்ய வேண்டும்.

இருக்கையில் தையல் பிரிந்தது, பூஞ்சைக் கறை, இவை பேரம் பேச மட்டும். அடிப்பெட்டி பிளாஸ்டிக்கா மரமா என்று தூக்கிப் பாருங்கள். மரமென்றால் அது அழுகியிருக்கலாம்.

டிரெய்லர் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு ஆண்டுக்கு மேல் போன டயரை மாற்றிவிடுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள், கரகரப்பும் ஆட்டமும் இருந்தால் பேரிங் வேலை. படகு, என்ஜின், பெட்ரோல், டிரெய்லர் எல்லாம் சேர்ந்த எடை உங்கள் வண்டியின் இழுதிறனுக்குள் வருகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 8: தண்ணீரில், ஆள் ஏற்றிக்கொண்டு

இரண்டு படகையும் முடிந்தவரை ஒரே நீரில், ஒரே ஆள் எண்ணிக்கையோடு ஓட்டுங்கள். இருவர் மட்டும் ஏறிப் பார்த்தால் எந்தப் படகும் நன்றாகத்தான் ஓடும்.

இறக்கியதும், நின்ற நிலையில் இரு பக்கக் குழாய்களின் நீர்மட்டத்தையும் போட்டோ எடுங்கள். ஓடி முடித்து, அதே ஆட்கள் அதே இடங்களில் உட்கார்ந்திருக்க மறுபடி எடுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தக் குழாயில் கசிவு.

என்ஜின் கிளம்பியதும் பக்கவாட்டில் நீர்க்கோடு பாய வேண்டும். இல்லையென்றால் உடனே அணையுங்கள். முழு வேகத்தில் சுற்றுவேகத்தைப் பாருங்கள். பல 90 குதிரைத்திறன் என்ஜின்களுக்கு நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று என்று குறித்திருக்கும், உங்கள் என்ஜினின் கையேட்டில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாவிட்டால் புரொப்பெல்லர் பொருந்தவில்லை, அல்லது குழாய்க்குள் தண்ணீர், அல்லது என்ஜின் சோர்ந்துவிட்டது. புரொப்பெல்லரின் பிட்ச்சில் (ஒரு சுற்றுக்கு அது முன்னேறும் கணக்குத் தூரம்) ஓர் அங்குலம் குறைத்தால் சுற்று 150 முதல் 200 வரை கூடும். குறை அதற்குள் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆயிரம் சுற்று குறைந்தால் புரொப்பெல்லரைக் காரணம் காட்டுபவரை நம்பாதீர்கள்.

பிறகு நான்கைந்து பேரை முன்னிருக்கைகளில் உட்காரவைத்து, உங்கள் படகே எழுப்பிய அலையைச் சாய்வாகக் கடந்து, மெதுவாக வேகத்தைக் குறையுங்கள். முன்தளத்தில் தண்ணீர் ஏறுகிறதா? சிறு குழாய்ப் படகின் உண்மை முகம் இந்த இடத்தில்தான் தெரியும். இந்தச் சோதனையில் எல்லோரும் வேலிக்குள், லைஃப் ஜாக்கெட்டோடு இருக்க வேண்டும். முன்தளத்தில் வேலிக்கு வெளியே கால் தொங்கவிட்டு உட்காருவது எந்த நாளும் கூடாது: வேகம் சட்டென்று குறைந்தால் விழுபவர் படகின் அடி வழியாக நேரே புரொப்பெல்லருக்குப் போவார். வாசல் தாழ்ப்பாள் தானாகத் திறக்காமல் நிற்கிறதா என்று ஓட்டத்திலேயே ஆட்டிப் பாருங்கள். பிள்ளைகள் நீந்தும் ஏணி என்ஜினுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதும் பார்க்க வேண்டியது. பின்னேணி உள்ள படகில் என்ஜினை அணைத்த பிறகே யாரும் நீரில் இறங்க வேண்டும், புரொப்பெல்லரும் கார்பன் மோனாக்சைடும் அங்கேதான் இருக்கின்றன.

படி 9: முடிவு

ஒவ்வொரு படகுக்கும் கேட்கும் விலையோடு, ஓராண்டுக்குள் கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளின் செலவைக் கூட்டுங்கள். அழகுக்கான வேலையைத் தனி வரிசையில் எழுதுங்கள். கூட்டும் முன்னே விலக்க வேண்டியவற்றை விலக்கிவிட வேண்டும்: தாங்கியில் விரிசல், குழாயில் பரவலான குழி, சிலிண்டர்களுக்குள் பெரிய வித்தியாசம், ஒத்துப்போகாத எண். இவற்றில் ஒன்றிருந்தாலும் விலை எவ்வளவு இறங்கினாலும் அந்தப் படகு வேண்டாம்.

நம் இரண்டு படகுகளுக்கு வருவோம். எப்போதும் நான்கைந்து பேர், அமைதியான ஏரி, இழுவை வேண்டாம் என்றால் முதலாவதை எடுங்கள். ஆறு வயது என்ஜினும் திடமான தளமும் அந்த வீட்டுக்குப் பல ஆண்டு வரும். எட்டுப் பேர், காற்றடிக்கும் நீர்த்தேக்கம், பிள்ளைகளுக்கு இழுவை என்றால், குழாயும் தாங்கியும் கம்ப்ரஷனும் தேறிய பட்சத்தில் இரண்டாவது. அதன் மெத்தென்ற மூலையை அடியிலிருந்து பார்த்து, ஒரே பலகை என்று உறுதியானால் அந்தச் செலவையும் இருக்கைச் செலவில் பாதியையும் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். தளம் பல இடங்களில் போயிருந்தால், முழு மாற்றத்துக்கான செலவை விலையில் குறைக்காமல் அதைத் தொடாதீர்கள். முதல் படகை எட்டுப் பேருக்கு வாங்கிவிட்டுப் பிறகு பெரிய என்ஜின் மாட்டிக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். என்ஜினை மாற்றினாலும் குழாயின் விட்டம் மாறாது, கூடுதல் எடை பின்பக்கத்தை இன்னும் அமுக்கும்.

முன்பணம் கொடுக்கும் தாளில் படகு, என்ஜின், டிரெய்லர் மூன்றின் எண்களையும், ‘தண்ணீர்ச் சோதனையில் தேறினால் மட்டும்’ என்ற நிபந்தனையையும், சோதனை நடக்கும் தேதியையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். படகை ஓட்டிவந்த அன்றே கியர் ஆயிலை மாற்றி, புதிய வடிகால் திருகுகளைப் போட்டு, ஒவ்வொரு குழாயின் நீர்மட்டத்தையும் மெழுகுக் குச்சியால் குறித்து வையுங்கள். அடுத்த பருவத்தில் கசிவு இருக்கிறதா என்பதை அந்தக் கோட்டை வைத்தே கண்டுபிடிக்கலாம்.